தவளைப் படத்துக்குப் போன குடும்பம்

அறந்தாங்கித் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர் ஆத்மநாதனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் முதுகுக்குப் பின்னால் பிள்ளை குட்டி ஏதாவது நிற்கிறதா என்று எட்டியும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“புள்ளைங்க வரலியா தம்பி?”

“இல்லண்ணே. நான் மட்டுந்தான்.”

“இது பொம்மப் படம். தவளை வரும். தெரியும்ல?”

“தெரியும்ணே.”

“சரி, போங்க. நமக்கென்ன.”

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. குவைத்திலிருந்து லீவில் வந்த ஆள் என்பது சட்டையிலும் சென்ட் வாசனையிலும் எழுதி ஒட்டியிருந்தது. லீவில் வருகிறவர்கள் மனை பார்க்கப் போவார்கள், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முன்னால் நிற்பார்கள். கட்டின பெண்டாட்டியையும் பெற்ற பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் தவளைப் படம் பார்க்க வந்தவன் அந்தத் தாலுகாவிலேயே இவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

ஊருக்குச் சொன்ன காரணம் ஒன்று. செல்போன் விளையாட்டு ஒன்றை வைத்து எடுத்த படம் அது, தமிழில் பேச வைத்து வந்திருந்தது. அதைக் குடும்பத்தோடு பார்க்கலாமா கூடாதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி அவன் மனைவி புவனேஸ்வரி அனுப்பியிருந்தாள். நம் பக்கத்தில் ஒரு படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நடுவில் யாரும் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் குடிக்க எழுந்து போக வேண்டியதில்லையே என்பதுதான் கேள்வி. முத்தம் கிடையாது, அரைகுறை உடுப்பு கிடையாது என்றால் அது குடும்பப் படம். பார்க்கப் போகிற குடும்பம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

உள்ளே வைத்திருந்த காரணம் வேறு. அவன் மகள் இளமதி, மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அவன் வந்திறங்கிய நாளிலிருந்து அவனை ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை. வருகிற வியாழக்கிழமை அவனுக்குத் திரும்பிப் போகிற பிளைட். அதற்குள் ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும். அதற்கு இந்தத் தவளைகளைப் படிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆத்மநாதனின் ஊர் ஆவுடையார்கோவில் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய சின்ன ஊர். ஐடிஐயில் வெல்டர் படித்தான். வெல்டர் வேலை என்றுதான் ஏஜெண்டு சொன்னான். போய் இறங்கியதும் கையில் கொடுத்தது குபூஸ் ரொட்டிக்குப் பிசைந்த மாவு. இப்படி ஏமாந்தவர்கள் அறந்தாங்கி பக்கம் தெருவுக்குத் தெரு இருப்பதால் அதைச் சொல்லி அழவும் முடியாது. அடுப்பு வாயில் நின்றான். இளமதி பால்வாடிக்குப் போகத் தொடங்கிய வருஷம் போனவனுக்கு முதலாளி ஒரு சாக்குச் சொல்லி, மறு வருஷம் இன்னொரு சாக்குச் சொல்லி லீவைத் தள்ளிக்கொண்டே போனார்.

பேச்சு வெள்ளிக்கிழமை மட்டும். போனில் முகம் தெரியும். “சாப்டியா பாப்பா?” என்பான். “ம்” என்பாள். “என்னா சாப்ட?” “சோறு.” “நல்லாப் படிக்கிறியா?” “ம்.” பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பின்னாலிருந்து புவனேஸ்வரி, “அப்பாகிட்ட நல்லாப் பேசுடி” என்று முதுகில் தட்டுவாள். அடி வாங்கிக்கொண்டு பேசுகிற பிள்ளை எதைப் பேசும்?

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தவளை கேம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஆடினார்கள். ஒரு குளம், நிறையத் தாமரை இலை, இரண்டு தவளை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இலை இலையாகத் தாவ வேண்டும். நடுவில் தங்கத் தட்டான் ஒன்று பறந்து வரும், பிடித்தால் ஜெயிப்பு. பேச முடியாது, எழுத முடியாது. தவளை குதிக்கும், கன்னத்தை உப்பும், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை இளமதி தானாக வாயைத் திறந்து, “அப்பா, நீங்களும் வாங்க. நீங்க பச்சத் தவளை, நான் மஞ்சத் தவளை” என்றாள். ஆத்மநாதன் அன்றைக்கே கேமை ஏற்றிக்கொண்டான். மகள் தன்னிடம் கேட்ட முதல் பொருள் அது.

ஆனால் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவின் போனை எடுக்கிற நேரத்தில் அவன் அடுப்புக்கு முன்னால் நிற்பான். போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மஞ்சள் தவளை கரையில் காத்துக்கொண்டே இருந்தது. பிள்ளை அழுகிறாள் என்று புவனேஸ்வரி சொன்னாள். அதற்குப் பிறகுதான் அறையில் கூட இருந்த குழந்தைசாமியிடம் கேட்டான்.

குழந்தைசாமி குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆள். குவைத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். மத்தியானத்துக்கு மேல் ஓய்வு. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். தங்கச்சிகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது, பிறகு பெண் கொடுக்க ஆள் இல்லை. ஊரிலிருந்து அவருக்குப் போன் வந்தால் யாருக்கோ ஏதோ தேவை என்று அர்த்தம்.

“எனக்கு இந்த எழவெல்லாம் தெரியாதேப்பா” என்றார்.

“சும்மா தத்துனா போதும்ணே. என் ஐடிய ஒங்க போன்லயும் போட்டுத் தாரேன். அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். நாந்தான்னே நெனச்சுக்கிடட்டும்.”

இந்தக் காரியத்தை வேறு எந்த ஊர்க்காரன் செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டுக்குத் தான் போக முடியாவிட்டால் தம்பியை அனுப்புவோம், கேதத்துக்குப் பங்காளியை அனுப்புவோம். வீட்டுக்கு ஒரு தலை தெரிந்தால் போதும் என்று பழகிய ஆட்கள் நாம். அதே பழக்கத்தில் ஆத்மநாதன் தன் பிள்ளையோடு விளையாடவும் ஆள் அனுப்பிவிட்டான்.

குழந்தைசாமி சும்மா தத்தவில்லை. சீக்கிரமே அந்தக் குளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. முன்னால் போய்விட்டால் கடைசி இலையில் நின்று மஞ்சள் தவளை வரும் வரை காத்திருப்பார். தங்கத் தட்டான் வந்தால் பார்க்காதவர் மாதிரி திரும்பிக்கொள்வார், அவள் பிடிப்பாள். அவள் தவறித் தண்ணீரில் விழுந்தால் இவரும் வேண்டுமென்றே பொத்தென்று விழுவார். வேலை முடிந்து ஆத்மநாதன் அறைக்கு வந்தால், “இன்னைக்கு ஒம் மவளுக்கு மனசு சரியில்ல தம்பி. தத்துறதுலயே தெரிஞ்சுச்சு. என்னான்னு கேளு” என்பார். ஆத்மநாதன் “ம்” என்பதற்குள் தூங்கியிருப்பான். வெள்ளிக்கிழமைகளில் இவனுக்கு ஓய்வு இருந்தபோதும், “நீங்களே ஆடுங்கண்ணே, ஒங்களுக்குத்தான் கை வாகா இருக்கு” என்று போனை அவரிடம் தள்ளிவிட்டான். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருச்சி ஏர்போர்ட்டில் இளமதி அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தாள். பழகாத பிள்ளை, போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் வாரம் கேதம் கேட்கவே சரியாகப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவன் தான் இல்லாத காலத்தில் செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உட்கார்ந்து எழுந்திருக்காமல் வேறு வேலை பார்க்கக்கூடாது. வாசலில் கால் வைத்ததும் அந்த வீட்டுப் பெண்கள் ஒப்பாரியை எடுப்பார்கள், இவனும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுவான். வீடு வீடாக அழுதான். முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லாத பெரியவர்களுக்கெல்லாம் அவனுக்கு அழுகை வந்தது. தன் வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்றுதான் வரவில்லை. “அம்மா, அவங்களுக்குத் தண்ணி வேணுமாம்” என்பாள் இளமதி. அவங்க என்றால் இவன்தான்.

ஒரு நாள் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். புவனேஸ்வரி சிரித்தாள்.

“ஏங்க, நீங்க ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிடணுமாம். அவ ஹால்ல இருப்பாளாம். அப்பத்தான் விளையாட வருமாம்.”

ஆத்மநாதன் ஓடினான். கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். பச்சைத் தவளை பாய்ந்தது. வந்த தட்டானைப் பிடித்தான், முதலில் கரையேறினான். “அப்பா ஜெயிச்சுட்டேன் பாப்பா” என்று உள்ளேயிருந்து கத்தினான். கதவைத் திறந்து பார்த்தால் போன் பாயில் கிடந்தது, பிள்ளை தெருவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அவனை விளையாடக் கூப்பிடவில்லை.

அவன் குழந்தைசாமிக்குப் போன் போட்டுக் கேட்டான். “நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? எப்புடி ஆடுவீங்க?”

“அதுல ஆட்டம்னு ஒண்ணும் இல்ல தம்பி” என்றார் அவர். “எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. அவ வர்றத பாத்துக்கிட்டே இருப்பேன்.”

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. தன் பிள்ளையைப் பற்றி இன்னொருத்தன் இப்படிப் பேசுகிறானே என்றிருந்தது. “இனிமே நீங்க அதத் தொறக்காதீங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்” என்றான்.

“சரி தம்பி. எடுத்துர்றேன்” என்றார்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தவளைப் படத்தின் போஸ்டரைப் பார்த்தபோதுதான் இளமதியின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. மஞ்சளும் பச்சையும் ஒரே இலையில் நின்றன. “போவமா பாப்பா?” என்றான். அவள் அவனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அதுவே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

புவனேஸ்வரிதான் இழுத்தாள். “ஏற்கெனவே போனும் கையுமா இருக்கான்னு டீச்சர் கூப்ட்டுத் திட்டுறாங்க. இந்தப் படத்தப் பாத்துட்டு வந்து இன்னும் பிடிச்சுக்கிட்டாள்னா?” தன் தம்பி ரத்தினவேலுக்குப் போன் போட்டு யோசனை கேட்டாள். ரத்தினவேல் புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், ஆகவே உலகம் தெரிந்தவன்.

“கேம வச்சு எடுக்குற படமெல்லாம் புள்ளைங்கள கேம் பக்கம் இழுக்கத்தான் அக்கா. அதுல யார் யாரோ வாராங்க. அப்பன் மாதிரி, அண்ணன் மாதிரிப் பழகிப் புள்ளைங்கள ஏமாத்துறானுங்க. பேப்பர்ல வரலியா?”

ஆத்மநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில்தான், முதலில் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நல்லதாக இருந்தால் போவோம் என்று புவனேஸ்வரி தீர்ப்புச் சொன்னாள்.

இப்படித்தான் அவன் அந்த வெள்ளிக்கிழமை தியேட்டருக்குள் போய் உட்கார்ந்தது. முன் வரிசையில் பிள்ளைகள் கும்மாளம் போட்டன. அவன் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி படித்தான். எந்தத் தவளைக்கு என்ன பேர், எது சிரிக்கும், எது பயப்படும் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். இடைவேளைக்குப் பிறகு வெள்ளம் வந்தது. அப்பா தவளையை அடித்துக்கொண்டு போய் எங்கோ ஒரு குளத்தில் தள்ளியது. ரொம்ப நாள் கழித்து உடம்பெல்லாம் சேறாகத் திரும்பி வருகிறது. அம்மா தவளைக்கே அடையாளம் தெரியவில்லை. குட்டித் தவளை மட்டும் அதன் குரலைக் கேட்டுவிட்டு ஓடி வந்து கழுத்தில் தொங்குகிறது. பிள்ளைகள் கை தட்டின. ஆத்மநாதனுக்கு வேர்த்துவிட்டது.

முத்தம் இல்லை, அரைகுறை உடுப்பு இல்லை. ஆனால் தன் குடும்பத்துக்கு இந்தப் படம் ஆகாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். ஆனால் வியாழக்கிழமை கண்ணுக்கு முன்னால் நின்றது. இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தால், பிள்ளை மனசுதானே, சட்டென்று அப்பா என்று ஒட்டிக்கொள்ளாதா என்ற நப்பாசை. தண்ணீரில் முழுகுகிறவனுக்குக் கிடைப்பதெல்லாம் பிடி.

“தாராளமாப் பாக்கலாம்” என்றான் புவனேஸ்வரியிடம். “நல்ல படம். குடும்பப் படந்தான்.”

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். இளமதி மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில் அவளை உட்கார வைக்க அவன் பட்ட பாடு பெரும்பாடு. நடுவிலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும் என்று பொய் சொன்னான். விளக்கு அணைந்தது. அவள் சிரிக்கிறபோதெல்லாம் இவனும் சிரித்தான். “அதுக்குப் பேரு குண்டு மாமா” என்று காதருகில் சொன்னான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தான்.

இடைவேளையில் ஓடிப் போய் இரண்டு கையிலும் பாப்கார்ன் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வந்தான். இளமதி அம்மாவின் போனை வாங்கிக் கேமைத் திறந்திருந்தாள். படத்தில் வந்த குளமும் இதுவும் ஒன்றா என்று பார்க்கத்தான் திறந்தாள்.

கடைசி இலையில் பச்சைத் தவளை உட்கார்ந்திருந்தது.

அவள் போனைப் பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டு கையிலும் பொட்டலம், போன் சட்டைப்பையில். திரும்பவும் குளத்தைப் பார்த்தாள். பச்சைத் தவளை இரண்டு குதி குதித்துக் கன்னத்தை உப்பியது. மஞ்சள் தவளையும் கன்னத்தை உப்பியது. தங்கத் தட்டான் பறந்து வந்தது, பச்சைத் தவளை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

“அம்மா” என்றாள் இளமதி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அப்பா வந்துட்டாங்க.”

“இந்தா பக்கத்துலதானடி நிக்கிறாங்க.”

“இவங்க இல்லம்மா.”

சின்னக் குரலில்தான் சொன்னாள். பக்கத்து வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆத்மநாதன் அப்படியே உட்கார்ந்தான்.

புவனேஸ்வரி போனை வாங்கிப் பார்த்தாள். குளத்தில் தத்திக்கொண்டிருக்கும் பச்சைத் தவளையையும், பொட்டலங்களோடு உட்கார்ந்திருக்கும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏங்க, ஒங்க பேர்ல யாருங்க விளையாடுறா?”

அவன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான்.

“ரத்தினவேலு சொன்னது சரியாப் போச்சு பாத்தீங்களா? எவனோ ஒங்க ஐடியத் திருடிட்டு எம் புள்ளகிட்டப் பழகுறான். படம் விட்டதும் தம்பிக்குப் போன் போட்டுப் போலீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்றேன்.” போனை அணைத்து இடுப்பில் செருகினாள். இளமதி கையை நீட்டியபடியே இருந்தாள். விளக்கு அணைந்தது.

இருட்டில் ஆத்மநாதனுக்கு ஒரு வழி தெரிந்தது. மிகச் சுலபமான வழி. ஆமாம், எவனோ திருடிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேமை அழித்துவிடலாம். குழந்தைசாமி தானாக வாயைத் திறக்கிற ஆளில்லை. பச்சைத் தவளை செத்துப் போகும், அந்த இடம் காலியாகும், பிள்ளை கொஞ்ச நாள் அழுதுவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவனிடம்தானே வர வேண்டும். அப்படி நினைத்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தப் பொய்யைச் சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை. திரையில் வெள்ளம் வந்தது. அப்பா தவளை அடித்துக்கொண்டு போனது. சேறு பூசித் திரும்பி வந்தது. குட்டித் தவளை ஓடி வந்தது. கை தட்டல். இளமதி திரையைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் இடுப்பில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்மநாதனுக்கு அழுகை வந்தது. கேத வீடுகளில் துண்டை வைத்துக்கொண்டு அழுதானே, அந்த மாதிரி அழுகை இல்லை இது. சத்தம் வெளியே வராமல் பல்லைக் கடித்துக்கொண்டான்.

வெளியே வண்டி ஸ்டாண்டுப் பக்கம் வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். புவனேஸ்வரி தம்பியின் நம்பரைத் தேடினாள்.

“போடாத புவனா.”

“ஏன்?”

“அது திருடன் இல்ல. என்கூட ரூம்ல இருக்குற அண்ணன்.”

சொல்லிவிட்டான். முதலிலிருந்து சொன்னான். பெட்டியில் பூட்டிய போன், காத்துக்கொண்டு நின்ற மஞ்சள் தவளை, நாந்தான்னே நெனச்சுக்கிடட்டும் என்றது, வெள்ளிக்கிழமைகளில் போனைத் தள்ளிவிட்டது எல்லாம் சொன்னான். கேட்டு முடித்ததும் புவனேஸ்வரி தணிந்த குரலில் பேசினாள், அதுதான் பயமாக இருந்தது.

“மூணு வருசமா எம் புள்ளய யாருன்னே தெரியாத ஆம்பளகிட்ட விட்டுருக்கீங்க. அப்பா விளையாட வந்துட்டாங்கன்னு அவ ஓடுறப்ப நானும் சந்தோசப்பட்டேன். நம்மள மறக்கலன்னு நெனச்சேன். புள்ளய மட்டுமா ஏமாத்துனீங்க?”

அவர் நல்ல மனுஷன், தப்பானவர் இல்லை என்று ஏதோ முணுமுணுத்தான்.

“அத நீங்க சொன்னா ஆச்சா? போன் போடுங்க. நான் பேசணும்.”

போட்டான். ஒலியைக் கூட்டி அவள் முன்னால் நீட்டினான். ஒரே மணியில் எடுத்தார் குழந்தைசாமி. இவன் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, தப்பா நெனச்சுக்கிடாத. எடுத்துர்றேன்னுதான் சொன்னேன். எடுக்க முடியலப்பா. புள்ளைங்கள எறக்கி விட்டுட்டு வெறும் பஸ்ஸுல ஒக்காந்திருக்கேன். சும்மா ஒருக்காப் பாத்துட்டு மூடிருவோம்னு தொறந்தேன். மஞ்சத் தவளை வந்துருச்சு. வந்தத விட்டுட்டு எப்புடிப் போறது? இந்தா இப்பவே அழிச்சுர்றேன். பாப்பாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிப்புடாத.”

புவனேஸ்வரி கேட்க வைத்திருந்த கேள்விகள் அவள் வாயிலேயே நின்றுவிட்டன. அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் குரலிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பேச்சில்லையே தம்பி, இருக்கியா?” என்றார் குழந்தைசாமி.

இளமதி அவ்வளவு நேரமும் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாம் நினைத்துக்கொள்வது நம் வசதிக்காகத்தான். அவள் போனைப் பார்த்தாள், பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

“அவங்கள நான் என்னான்னு கூப்புடணும்?”

புவனேஸ்வரி அவனைப் பார்த்தாள். ஆத்மநாதன் மண்ணில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வந்தது. வந்த நாளிலிருந்து அவ்வளவு கிட்டத்தில் அவளைப் பார்க்கவில்லை. முன்பல் ஒன்று விழுந்து முளைத்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தான். இந்தக் கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னால் தனக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று தெரியவில்லை.

“எனக்கு அவரு அண்ணன் மொற” என்றான். “நீ பெரியப்பான்னு கூப்புடு.”

தியேட்டர் இருட்டில் பல்லைக் கடித்து அடக்கியது அந்தப் பட்டப்பகலில், வண்டி எடுக்க வந்த சனங்களுக்கு முன்னால் உடைந்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டான். யாரோ ஒருத்தர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இளமதி அவன் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். அம்மாவிடம் கேட்டுப் பழகியவள், இப்போது அம்மாவைப் பார்க்கவில்லை. காதில் வைத்துக்கொண்டாள்.

“பெரியப்பா” என்றாள்.

அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“பெரியப்பா, நீங்க அழிக்காதீங்க” என்றாள் இளமதி. பிறகு கொஞ்சம் தள்ளிப் போய், அவனுக்குக் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அப்பா அழுவுறாங்க. நான் என்ன செய்யணும்?”

ஆத்மநாதனுக்குக் கேட்டது. முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்தவனுக்கு, அந்த வார்த்தை இன்னொரு ஆளிடம் சொன்ன சேதியாகத்தான் கிடைத்தது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று பயந்து, அப்படியே மண்ணில் உட்கார்ந்திருந்தான்.